4,400 ± 540: அமெரிக்க சென்சஸ் சர்வேயைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை

சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்காக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. உள்ளூர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று. போய் நின்றால் அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று தெரியும்: இந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அமெரிக்க சென்சஸ் பீரோவின் தளத்தில் தேடினேன். மொழிவாரி அட்டவணையில் தமிழுக்குத் தனி வரியே இருந்தது: 5,100. முந்தின வருட அட்டவணையில் 4,200. ஒரே வருடத்தில் 900 பேர் கூடுதல், 21 சதவீத வளர்ச்சி! பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, மேலே ஏறும் கோடு ஒன்றும் வரைந்து, பள்ளிக் குழுவுக்கு அனுப்பிவைத்தேன்.

குழுவில் புள்ளியியல் படித்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரே வரியில் பதில் போட்டார்: "தம்பி, பக்கத்துல இருந்த நெடுவரிசையை ஏன் அழிச்சீங்க?"

அழித்திருந்தேன்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ± என்று ஆரம்பிக்கும் இன்னோர் எண் இருந்தது. மேலே "பிழை வரம்பு" என்று தலைப்பு. அட்டவணை பக்கத்தில் அடங்கவில்லை என்று எக்செல்லில் அந்த நெடுவரிசைகளை மொத்தமாகத் தூக்கிவிட்டேன். அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் 21 சதவீத வளர்ச்சி காணாமல் போயிற்று. எப்படிப் போயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே வரும் கவுண்டி எண்கள் கணக்கு சுலபமாகப் புரிய வேண்டும் என்று நானே மாற்றிப் போட்டவை. சர்வே பற்றிய விவரங்களும் கணக்கு முறைகளும் அசல்.

எண்ணுவது வேறு, சர்வே வேறு

சென்சஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது, கதவைத் தட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு, சுவரில் ஓர் எண்ணைக் கிறுக்கிவிட்டுப் போகும் பள்ளிக்கூட வாத்தியார். அமெரிக்காவிலும் பத்து வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் எண்ணுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் 33,14,49,281 பேர். ஆனால் அந்தப் படிவம் ரொம்பச் சின்னது. வயது, பாலினம், இனம், சொந்த வீடா வாடகையா என்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், வருமானம் எவ்வளவு, எதுவரை படித்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் கிடையாது.

முன்பு இருந்தது. 2000 வரை, சுமாராக ஆறு வீட்டில் ஒரு வீட்டுக்கு நீளமான படிவம் ஒன்று போகும். அதைக் கைவிட்டு, 2005 முதல் முழு அளவில் நடத்துவதுதான் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, சுருக்கமாக ஏசிஎஸ். இது பத்து வருடத்துக்கு ஒரு தடவை வருவதில்லை. வருடம் முழுக்க, மாதாமாதம் நடக்கிறது. வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டில் இருப்பவை ஏறத்தாழ 14 கோடி வீடுகள். நாற்பது வீட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்துவிடுவதில்லை.

ஆக நான் பார்த்த 5,100 யாரும் தலை எண்ணிச் சொன்னது இல்லை. எங்கள் கவுண்டியில் சர்வேக்குப் பதில் சொன்ன சில வீடுகளில் தமிழ் என்று எழுதியவர்களை வைத்து, ஒவ்வொருவரும் எத்தனை பேருக்கு ஈடு என்று எடை போட்டுப் பெருக்கி வந்த மதிப்பீடு.

அரிசி மண்டியில் குத்தூசி பார்த்திருக்கிறீர்களா? மூட்டையை அவிழ்க்காமல் பக்கவாட்டில் செருகி இழுப்பார்கள். கொஞ்சம் அரிசி உள்ளங்கையில் வந்து விழும். அதைப் பார்த்து விலை சொல்லிவிடுவார்கள். அந்தக் கைப்பிடியில் நாலு கறுப்பரிசி இருந்தால், இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தும்போது இரண்டு வரலாம், ஏழு வரலாம். மூட்டை அதே மூட்டைதான், குத்திய இடம்தான் வேறு. வேறு இடத்தில் குத்தியிருந்தால் எண் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கும் என்று சொல்வதே பிழை வரம்பு. "பிழை" என்ற சொல் பாவம், வீணாகப் பழி சுமக்கிறது. இங்கே யாரும் தப்புச் செய்யவில்லை.

வேறு இடத்தில் குத்தாமலே அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். சென்சஸ் பீரோ ஒவ்வொரு மதிப்பீட்டையும், பதில் சொன்னவர்களின் எடைகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, 80 தடவை திரும்பப் போட்டுப் பார்க்கிறது. அந்த 80 விடைகளும் அசல் விடையிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதிலிருந்து ± வருகிறது. ஆகவே அது குத்துமதிப்பாகப் போட்ட எண் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டது.

90 என்பதைக் கவனியுங்கள்

அக்கா சொன்னபடி நெடுவரிசையைத் திரும்பச் சேர்த்தேன். முதல் வருடம் 4,200 ± 1,150. அடுத்த வருடம் 5,100 ± 1,240.

முதலாவதை இப்படிப் படிக்க வேண்டும்: 3,050 முதல் 5,350 வரை. ஏசிஎஸ் வெளியிடும் பிழை வரம்புகள் எல்லாம் 90 சதவீத நம்பிக்கை அளவில் போடப்பட்டவை. இதே சர்வேயை வெவ்வேறு வீடுகளை வைத்து நூறு தடவை நடத்தி, நூறு வரம்புகள் போட்டால், அவற்றில் தொண்ணூறு வாக்கில் உண்மையான எண்ணை உள்ளே வைத்திருக்கும். பத்து தவறவிடும். நம் கையில் இருப்பது தொண்ணூறில் ஒன்றா பத்தில் ஒன்றா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பத்திரிகைகளில் வரும் கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் 95 சதவீதத்தில் போடுவார்கள். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சென்சஸ்காரர்களின் ± சின்னதாக இருக்கிறதே என்று மகிழக் கூடாது. ஏசிஎஸ் பிழை வரம்பை 1.645 ஆல் வகுத்தால் திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு சிதறும் என்பதன் அடிப்படை அளவு) கிடைக்கும். அதை 1.96 ஆல் பெருக்கினால் 95 சதவீத வரம்பு. 1,150 ஐ இப்படி மாற்றினால் 1,370 ஆகிவிடும். இந்த 1.645 ஐ மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

900 பேர் எங்கே போனார்கள்

இப்போது அந்த வளர்ச்சி. 5,100 லிருந்து 4,200 ஐக் கழித்தால் 900. இந்த 900-க்கும் ஒரு பிழை வரம்பு உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதை எடுக்கும் விதம்: இரண்டு பிழை வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1,150 இன் வர்க்கம் 13,22,500. 1,240 இன் வர்க்கம் 15,37,600. கூட்டினால் 28,60,100. வர்க்கமூலம் சுமார் 1,691.

அதாவது வித்தியாசம் 900 ± 1,691. கீழ்முனை மைனஸ் 791, மேல்முனை 2,591. தமிழ் பேசுகிறவர்கள் 2,591 பேர் கூடியிருக்கலாம், 791 பேர் குறைந்தும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நான் மேலே ஏறும் கோடு வரைந்திருக்கிறேன்.

வித்தியாசம் அதன் பிழை வரம்பைவிடப் பெரிதாக இருந்தால்தான் மாற்றம் இருக்கிறது என்று (90 சதவீத நம்பிக்கையில்) சொல்லலாம். இல்லாவிட்டால் "மாறவில்லை" என்றும் சொல்லிவிட முடியாது. இந்த சர்வேயால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டாவது பாதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

சிலர் குறுக்குவழியாக இரண்டு வரம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். ஏறவே இல்லையென்றால் வித்தியாசம் உண்மை, அது சரி. ஏறினால் வித்தியாசம் இல்லை என்பது தவறு. 1,000 ± 100, 1,160 ± 100 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 1,100 வரை போகிறது, இரண்டாவது 1,060 லேயே ஆரம்பிக்கிறது. நாற்பது எண் தூரம் ஏறி நிற்கின்றன. ஆனால் வித்தியாசம் 160, அதன் பிழை வரம்பு 141. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

ஒரு வருடமா, ஐந்து வருடமா

"ஒரு வருஷக் கணக்கை எதுக்கு எடுத்தீங்க?" என்பது அக்காவின் அடுத்த கேள்வி. புதிது என்பதால் எடுத்தேன். எல்லோரும் அதற்காகத்தான் எடுக்கிறார்கள்.

ஏசிஎஸ் இரண்டு விதமாக வெளிவருகிறது. ஒரு வருட மதிப்பீடு, 65,000 பேருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் மட்டும். ஐந்து வருட மதிப்பீடு எல்லா இடத்துக்கும் உண்டு. சுமார் 4,000 பேர் வசிக்கும் "டிராக்ட்" என்ற சின்னப் பகுதிவரை, அதற்கும் கீழேகூட இறங்கலாம். நடுவில் மூன்று வருட மதிப்பீடு ஒன்று இருந்தது. 2011–2013 தொகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடங்களில் வந்த பதில்களை ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்கிடுவது. மூட்டையில் ஐந்து இடத்தில் குத்திய மாதிரி. ஐந்து வருடத் தொகுப்பில் தமிழ் வரி கவுண்டி அளவில் இல்லை; குறைந்தது ஒரு லட்சம் பேர் இருக்கும் "பூமா" என்ற பகுதிகளுக்கு உண்டு. எங்கள் கவுண்டிக்குள் வரும் பூமாக்களைக் கூட்டினால் 4,400 ± 540. ஒரு வருடக் கணக்கின் ± 1,150 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஐந்து மடங்கு பதில்கள் இருந்தும் ஐந்தில் ஒன்றாகக் குறையவில்லையே என்றால், பிழை வரம்பு அப்படிக் குறையாது. மாதிரி நாலு மடங்கானால் வரம்பு பாதியாகும், ஒன்பது மடங்கானால் மூன்றில் ஒன்றாகும். வர்க்கமூலக் கணக்கு.

இதற்குக் கொடுக்கும் விலை, எண் மங்கலாகிவிடுவது. 2019–2023 என்று போட்டிருந்தால் அது 2023 இன் நிலவரம் இல்லை, நடுவிலிருக்கும் 2021 இன் நிலவரமும் இல்லை. ஐந்து வருடங்களும் கலந்த நிலவரம். போன வருடம்தான் ஒரு பெரிய கம்பெனி வந்து ஐந்நூறு தமிழ்க் குடும்பங்கள் குடியேறியிருந்தால் அது இதில் கரைந்து போயிருக்கும். ஒப்பிடும்போதும் பார்த்து ஒப்பிட வேண்டும்: 2018–2022 ஐயும் 2019–2023 ஐயும் ஒப்பிடுவது வீண், ஐந்தில் நாலு வருடம் இரண்டிலும் இருக்கிறது. 2014–2018 ஐயும் 2019–2023 ஐயும் ஒப்பிடலாம்.

2020 மட்டும் ஒரு வருடக் கணக்கில் ஓட்டையாக இருக்கும். கொரோனாவால் பதில் வரும் விகிதம், 2019-ல் 86 சதவீதமாக இருந்தது 71 சதவீதத்துக்குச் சரிந்தது. பதில் சொன்னவர்களும் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தார்கள். வழக்கமான ஒரு வருட அட்டவணைகளை அந்த ஆண்டு வெளியிடாமல், சோதனை முயற்சி என்று பெயர் போட்டுக் கொஞ்சம் மட்டும் வெளியிட்டார்கள். அது நல்ல முடிவு என்பதே என் எண்ணம். மோசமான எண்ணை வெளியிட்டுக் கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தால், என்னைப் போன்றவர்கள் எச்சரிக்கையை அழித்துவிட்டு எண்ணை எடுத்திருப்பார்கள்.

கூட்டுவதும் வகுப்பதும்

பள்ளிக்குப் பிள்ளைகள் பக்கத்து இரண்டு கவுண்டிகளிலிருந்தும் வருகிறார்கள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எண் பெரிதாக இருக்குமே என்று தோன்றியது. ஐந்து வருடக் கணக்கில் 4,400 ± 540, 1,300 ± 310, 650 ± 240. மதிப்பீடுகளைச் சும்மா கூட்டலாம்: 6,350. பிழை வரம்புகளைச் சும்மா கூட்டினால் 1,090 வரும், அது அதிகம். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக மதிப்பீடு விலகியிருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து கொஞ்சம் ஈடுகட்டும். அதனால் மறுபடி அதே வழி: வர்க்கங்கள் 2,91,600, 96,100, 57,600. கூட்டினால் 4,45,300. வர்க்கமூலம் சுமார் 667. ஆக 6,350 ± 667.

ஆனால் இது நெருக்கமான கணக்குதான். கூட்டும் எண்களுக்குள் ஒன்றோடொன்று தொடர்பு இருந்தால் அதை இந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை. இருபது முப்பது வரிகளைக் கூட்டினால் தப்பு ஏறிக்கொண்டே போகும். சென்சஸ் பீரோவே கூட்டி வைத்த வரி அட்டவணையில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கூட்டும்போது பல இடங்களில் மதிப்பீடு 0 என்று இருந்தால், அந்தப் பூஜ்யங்களின் பிழை வரம்புகளில் மிகப் பெரிய ஒன்றை மட்டும் ஒரே ஒரு தடவை சேர்த்தால் போதும்.

பூஜ்யத்துக்கு எதற்குப் பிழை வரம்பு என்று நானும் குழம்பினேன். 0 ± 12 என்றால், சர்வேயில் வந்து சிக்கிய வீடுகளில் யாரும் இல்லை, ஆனால் சிக்காத வீடுகளில் ஒரு பத்துப் பேர் இருக்கலாம் என்று அர்த்தம். "இந்தப் பகுதியில் தமிழர் ஒருவர்கூட இல்லை" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 25 ± 38 போன்றவையும் வரும். கழித்தால் மைனஸ் 13. மைனஸ் ஆட்கள் கிடையாது என்பதால் கீழ்முனையை 0 என்று வைத்துக்கொள்வார்கள்.

அடுத்து சதவீதம். தமிழ் பேசும் 4,400 பேரில், ஆங்கிலம் "மிக நன்றாக" வராது என்று சொன்னவர்கள் 620 ± 190. பெரும்பாலும் ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிவிட்ட அப்பா அம்மாக்கள் என்பது என் ஊகம். நூலகத்துக்கு முக்கியமான எண்ணும் இதுதான். பங்கு 14.1 சதவீதம். இதன் பிழை வரம்புக்கு, மேலே இருக்கும் எண்ணின் (620) பிழை வரம்பை வர்க்கப்படுத்த வேண்டும்: 36,100. அதிலிருந்து பங்கின் வர்க்கத்தையும் கீழே இருக்கும் எண்ணின் (4,400) பிழை வரம்பு வர்க்கத்தையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். 0.141 இன் வர்க்கம் சுமார் 0.0199, அதை 2,91,600 ஆல் பெருக்கினால் 5,800 வாக்கில். கழித்தால் 30,300. வர்க்கமூலம் 174. அதை 4,400 ஆல் வகுத்தால் 0.04. ஆக 14 சதவீதம், கூட்டல் கழித்தல் 4. ஏழு பேரில் ஒருவர் என்று சொல்லலாம், பத்துப் பேரில் ஒருவராகவும் இருக்கலாம்.

சில சமயம் கழிக்கும்போது உள்ளே மைனஸ் வந்து நின்றுவிடும். அப்போது கழித்தலைக் கூட்டலாக மாற்றிப் போட வேண்டும் என்பது சென்சஸ் பீரோவே சொல்லும் வழி.

இவ்வளவும் போட்ட பிறகு, இந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று கேட்டால்? பத்தாம் வகுப்பில் மாறுபாட்டுக் கெழு என்று ஒன்று படித்தது நினைவிருக்கலாம்; பரீட்சையோடு மறந்தது. அதன் உறவுக்காரர் ஒருவர் இங்கே உதவுகிறார். திட்டப் பிழையை மதிப்பீட்டால் வகுத்து நூறால் பெருக்குவது. எங்கள் ஒரு வருடக் கணக்கில் 1,150 ஐ 1.645 ஆல் வகுத்தால் 699. அது 4,200-ல் 16.6 சதவீதம். ஐந்து வருடக் கணக்கில் 328, அதாவது 7.5 சதவீதம். வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரி, 12 சதவீதம் வரை நல்லது, 12 முதல் 40 வரை பார்த்துப் பயன்படுத்து, அதற்கு மேல் போனால் நம்பாதே என்று பிரித்து வைத்திருக்கிறது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கேயாவது கோடு போட்டுக்கொள்ளாமல் அட்டவணைக்குள் இறங்கினால், நமக்குப் பிடித்த எண்ணையெல்லாம் நம்பத் தோன்றும்.

மைனஸ் 66 கோடி டாலர்

எக்செல்லோடு நிறுத்தியிருக்கலாம். ஏபிஐ (நிரல் எழுதித் தரவைக் கேட்டு வாங்கும் வழி) வழியாகத் தரவை நேரடியாக இறக்கினால் வேகமாக இருக்குமே என்று இன்னொரு நாள் முயன்றேன். கவுண்டியின் 150 சொச்சம் டிராக்டுகளுக்கும் இடைநிலைக் குடும்ப வருமானத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானம்) எடுத்து, சராசரி போட்டேன். மைனஸ் 43 லட்சம் டாலருக்கும் மேல் வந்தது. கவுண்டியே கடனில் மூழ்கிவிட்ட மாதிரி.

தேடிப் பார்த்தால் ஒரே ஒரு டிராக்டில் வருமானம் -666666666 என்று இருந்தது. அது வருமானமே இல்லை. போதுமான ஆட்கள் சர்வேயில் சிக்காததால் மதிப்பீடு போட முடியவில்லை என்பதற்கான குறியீடு. தளத்தின் அட்டவணையில் அதே இடத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். பிழை வரம்புக்கும் இப்படி உண்டு: -222222222 என்றால் பிழை வரம்பைக் கணக்கிட முடியவில்லை. -555555555 என்றால் அதற்கு நேர்மாறு. தளத்தில் ஐந்து நட்சத்திரங்களாகத் தெரியும். கவுண்டியின் மொத்த மக்கள்தொகை போன்ற எண்களுக்கு இது வரும். அந்த எண்ணை சர்வே கண்டுபிடிக்கவில்லை. வேறு மதிப்பீட்டோடு பொருந்துமாறு கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் மாதிரிப் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இறக்கிய உடனே, கணக்குப் போடும் முன்னே, இந்த மைனஸ் எண்களை வெற்றுக் கட்டமாக்கிவிடுங்கள். என் தவறு முட்டாள்தனமாகத் தெரிந்ததால் பிடிபட்டது. பல்லாயிரக்கணக்கான டிராக்டுகள் இருந்து, அந்தக் கோடிகள் நடுவில் கரைந்து, பார்க்க நியாயமான ஒரு விடை வந்திருந்தால் அதையும் வரைபடமாக்கி அனுப்பியிருப்பேன். அப்புறம், இடைநிலைகளைச் சராசரி எடுத்ததே தவறு. மூன்று தெருக்களின் இடைநிலை வருமானங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அந்த மூன்று தெருவின் இடைநிலை வருமானம் வந்துவிடாது. அதற்கு வருமான அடுக்குகள் இருக்கும் அட்டவணைக்குப் போய், அடுக்குகளைக் கூட்டி, நடுவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

± க்குள் அடங்காதவை

பிழை வரம்பு அளப்பது ஒரே ஒரு விஷயத்தை: எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதால் வரும் ஏற்ற இறக்கத்தை. கேள்வி புரியாமல் பதில் எழுதியது, பதிலே சொல்லாதது, வீடே பட்டியலில் இல்லாதது, இவை எதுவும் அதில் வராது. எல்லோரையும் எண்ணும் கணக்கெடுப்பும் இதற்கு விலக்கில்லை. 2020-ல் எண்ணி முடித்த பிறகு அமெரிக்காவில் சரிபார்ப்பு சர்வே நடத்தியபோது, ஹிஸ்பானிக் மக்கள் 4.99 சதவீதம் விடுபட்டதும், ஆசியர்கள் 2.62 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டதும் தெரிந்தது. இந்தியாவில் 2011-ல் அதே மாதிரி சரிபார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள்.

தமிழ் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. ஏசிஎஸ் கேட்பது, வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா, ஆம் என்றால் அது என்ன மொழி என்று. ஒரு மொழிதான் கணக்கில் ஏறும். அப்பாவிடம் தமிழும் அம்மாவிடம் தெலுங்கும் பேசும் பிள்ளை ஏதாவது ஒரு வரியில்தான் விழும். வழக்கமாக ஒருவரே வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துப் படிவத்தை நிரப்புகிறார். மகள் தன்னிடம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள் என்று கோபத்தில் இருக்கும் அப்பா அவளுக்கு "இல்லை" என்று போடலாம். மொழி என்ற இடத்தில் "இந்தியன்" என்று எழுதுகிறவர்கள்கூட உண்டு. அவர்கள் தமிழ் வரிக்கு வந்து சேரமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் மதுரையிலிருந்து வந்தவரும் இனம் பற்றிய கேள்வியில் வெவ்வேறு இடத்தில் நிற்பார்கள், மொழிக் கேள்வியில்தான் ஒரே வரிக்கு வருவார்கள். அந்த வகையில் இந்த அட்டவணை நமக்குப் பெரிய உதவி. முன்பு அதுவும் இல்லை. விரிவான மொழி அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி கிடைத்தது 2016 தரவிலிருந்துதான். ஐந்து வருடத் தொகுப்பில் கவுண்டிக்கும் டிராக்டுக்கும் அது இன்றும் கிடையாது. தனி மனிதர்களின் விவரம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று, அங்கே தமிழை மற்ற மொழிகளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

கடைசியில் கடிதத்தில் என்ன எழுதினேன் என்றால்: "2019–2023 ஐந்தாண்டு மதிப்பீட்டின்படி இந்தக் கவுண்டியில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 4,400 பேர் (90 சதவீத நம்பிக்கையில் 3,860 முதல் 4,940 வரை)." வளர்ச்சி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கோடும் இல்லை. அக்கா படித்துவிட்டு "இப்போ சரி" என்றார். அப்புறம் அட்டவணையின் தலைப்பை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "ஐந்து வயதும் அதற்கு மேலும்" என்று இருந்தது.

எங்கள் பள்ளியிலேயே பெரிய வகுப்பு மழலை வகுப்புதான். எல்லாம் மூன்று வயது, நாலு வயது. நூலகத்தில் தமிழ்ப் படப் புத்தகம் வேண்டும் என்று முதலில் கேட்டதே அவர்களுடைய அம்மாக்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட 4,400-ல் இல்லை, 540-லும் இல்லை. கடிதத்தில் அவர்களுக்காக ஒரு வரி தனியாகச் சேர்த்தேன், பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்து: 31 பேர். அதற்கு ± போடவில்லை.